பூங்காவனம் திரும்பி வந்தாளா?

தூக்கத்தில் நடந்து வந்து புத்தகம் வாங்குகிறவர்களை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? பென்னலூர் சர்வீஸ் ரோட்டுக்கு விடிகாலையில் வந்தால் பார்க்கலாம். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் ஆள் இறக்கும் பாயிண்டில் வந்து நிற்கும். இறங்குகிற பெண்களுக்குக் கண் பாதிதான் திறந்திருக்கும். அவர்களில் சிலர் ஹாஸ்டல் பக்கம் திரும்பாமல் ரோட்டைக் கடந்து எதிர்க் கடைக்கு வருவார்கள். ராக்கின் முன்னால் நின்று, கையில் அகப்பட்ட புத்தகத்தின் முதல் பக்கத்தை முகத்துக்கு அருகே வைத்துக்கொண்டு அசையாமல் நிற்பார்கள். படிக்கிறார்களா, நின்றபடியே தூங்குகிறார்களா என்று சொல்லவே முடியாது. கடைக்காரி காஞ்சனா அவர்களை அவசரப்படுத்த மாட்டாள். அவளும் ஒரு காலத்தில் அதே பஸ்ஸில் அப்படித்தான் தூங்கிக்கொண்டு வந்தவள்.

இந்தக் காலத்தில் செல்போன் இருக்கும்போது எவன் புத்தகம் வாங்குகிறான் என்று கேட்பவர்கள் இந்தப் பக்கத்துக் கம்பெனிகளின் வாசலைப் பார்த்ததில்லை. இங்கே பல கம்பெனிகளில் செல்போனை உள்ளே விட மாட்டார்கள். அதனால் நிறையப் பெண்கள் அதை ஹாஸ்டலிலேயே வைத்துவிட்டு வருவார்கள். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், பஸ்ஸில் கை சும்மா இருக்கும். சும்மா இருக்கிற கைக்கு ஒரு புத்தகம் எவ்வளவு பெரிய துணை என்று காஞ்சனாவுக்குத் தெரியும். அந்த ஞானத்தை வைத்துத்தான் அவள் கடை நடக்கிறது.

கடை என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். முன்பக்கம் ஜெராக்ஸ் மெஷின், பக்கத்தில் பள்ளிக்கூட கைடுகள், தண்டலம் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ரெக்கார்ட் நோட்டு, அரசுத் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்குக் கேள்வித் தொகுப்பு. சோறு போடுவது இவைதான். பின்சுவர் முழுக்கக் கதைப் புத்தகங்கள். அந்தச் சுவரில் ஒரு தட்டு இந்தப் பக்கத்து ஆட்கள் எழுதியவற்றுக்கு. வெல்டிங்கில் இருக்கும் ஐயனாரின் கவிதைகள், கேண்டீன் சூப்பர்வைசர் ஒருவரின் துப்பறியும் கதை, இப்படி. வேறு ஊரில் புத்தகம் பார்க்கிறவர்கள் எந்தப் பதிப்பகம் என்று கேட்பார்கள். இங்கே இந்தத் தட்டைப் பார்த்தால் எல்லாரும் கேட்பது, "இவரு எந்தக் கம்பெனி?"

வாசலில் பலகை: பூங்காவனம் புத்தக நிலையம். அதனால் ஹாஸ்டல் பெண்கள் எல்லாருக்கும் அவள் பூங்காவனம் அக்காதான். காஞ்சனா திருத்துவதில்லை. பூங்காவனம் என்று ஒருத்தி இந்த உலகத்தில் பிறக்கவே இல்லை, அவள் ஒரு கதைக்குள் இருக்கிறவள், அந்தக் கதை இன்னும் முடியவில்லை என்பதையெல்லாம் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களிடம் எங்கே சொல்லிக்கொண்டிருப்பது?

அந்தக் கதை முடியாததுதான் காஞ்சனாவின் வாழ்க்கையில் இருந்த ஒரே குறை. கேட்டால் சிரிப்பீர்கள். ஆனால் அவளுக்கு அது சிரிப்பு இல்லை.

வாலாஜாபாத்துக்கு அப்பால் இருக்கும் ஒரு கிராமத்திலிருந்து, ஒரகடத்தில் வண்டிகளுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்குச் சின்ன வயசு. தண்டலத்தில் அக்கா வீட்டில் தங்கியிருந்தாள். ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் ஏறினால் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொள்வாள். வெளியே சுவர், சுவர், கண்டெய்னர், மறுபடி சுவர் என்று ஒரே மாதிரி ஓடும். ஒருநாள் பின்சீட்டிலிருந்து ஒரு குரல் மெதுவாகச் சொன்னது.

"இப்படித்தான் ஒர்த்தி பஸ்ல தூங்கினா. பஸ்ஸு அவ ஸ்டாப்பிங்கைத் தாண்டிப் போயிடுச்சு."

கண்ணைத் திறக்காமலே காஞ்சனா கேட்டாள்.

"அப்புறம் இன்னாச்சு?"

குரலுக்குச் சொந்தக்காரன் எல்லப்பன். பென்னலூர்க்காரன். அவர்கள் குடும்பத்து நிலம் தொழிற்பேட்டைக்குப் போன பிறகு, படித்த படிப்புக்கு அதே கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை கிடைத்து வந்தவன். வேலையில் வாயைத் திறக்காதவன் என்று பெயர். பஸ்ஸில் மட்டும், அதுவும் இவள் முன்சீட்டில் இருந்தால் மட்டும், அவனுக்குக் கதை வந்தது.

கதை இதுதான். பூங்காவனம் என்கிற ஒருத்தி வேலை முடிந்து பஸ்ஸில் தூங்கிப்போகிறாள். பஸ் தண்டலத்தைத் தாண்டி, செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் ஏறி, சத்தமில்லாமல் தண்ணீருக்குள் இறங்குகிறது. உள்ளே ஒரு தெரு. தெருவிளக்குகள் எரிகின்றன, அவற்றைச் சுற்றிப் பூச்சிகளுக்குப் பதிலாகச் சின்ன மீன்கள். வாசல்தோறும் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே சைரன் கிடையாது, ஷிஃப்ட் கிடையாது, யாரும் யாரையும் எழுப்புவதில்லை. ஒரு வீட்டுக் கதவு திறந்திருக்கிறது. உள்ளேயிருந்து யாரோ, "வந்துட்டியா பூங்காவனம், கை கழுவிகினு வா" என்கிறார்கள். அவ்வளவில் முழிப்பு வந்துவிடுகிறது. பஸ் அவளுடைய ஸ்டாப்பிங்கில் நிற்கிறது. மறுநாளும் தூங்குகிறாள், மறுநாளும் அந்தத் தெரு. நாளுக்கு நாள் அங்கே கொஞ்சம் கூடுதலாக இருந்துவிட்டு வருகிறாள்.

கதை நீள நீள எல்லப்பன் பென்னலூரில் இறங்குவதை விட்டுவிட்டான். தண்டலம் வரைக்கும் வந்து, அவளை இறக்கிவிட்டு, ஷேர் ஆட்டோவில் திரும்பிப் போவான். டிரைவர் முதல் கடைசி சீட்டுவரை எல்லாருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. இவர்கள் இரண்டு பேர் மட்டும் கதையைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். முக்கியமான இடம் வந்ததும் அவன் நிறுத்துவான்.

"அப்புறம் இன்னாச்சு, சொல்லுய்யா."

"நாளிக்கு."

இந்த "நாளிக்கு" தொல்லை தாங்க முடியாமல்தான் கல்யாணம் செய்துகொண்டேன் என்று காஞ்சனா இன்றைக்கும் சொல்வாள். ஒரே வீட்டில் இருந்தால் மிச்சக் கதையைக் கேட்டுவிடலாம் என்று நினைத்தாளாம். பாவம், கல்யாணத்துக்கு முந்தின வாரம் பஸ்ஸில் சொன்ன இடத்தோடு கதை நின்றுபோனது. மிச்சத்தை எழுதித்தான் காட்டுவேன் என்றுவிட்டான். பூங்காவனம் ஒருநாள் தண்ணீருக்கடியில் அந்தத் தெருவில் இறங்குகிறாள். பஸ் கிளம்பிப் போய்விடுகிறது. அவள் கையில் பையோடு விளக்கடியில் நிற்கிறாள். அவ்வளவுதான்.

எல்லப்பன் அதுவரைக்கும் உள்ளதை எழுதி, ஒரு வருஷத்து போனஸைப் போட்டு, 'ஏரிக்குள்ளே ஒரு தெரு, முதல் பாகம்' என்று புத்தகமாகப் போட்டான். கம்பெனியில் கிண்டல் செய்வார்கள் என்று ஏரிக்கரையான் என்று பெயர் வைத்துக்கொண்டான். போட்டோ கிடையாது. நான்தான் எழுதினேன் என்று யாரிடமும் சொல்லக் கூடாதென்று காஞ்சனாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான்.

பட்டணத்துக் கடைகளுக்குப் புத்தகக் கட்டைச் சுமந்துகொண்டு போனான். சில இடத்தில் வாங்கவில்லை. வாங்கிய இடத்தில் கீழ்த்தட்டில், குனிந்து பெருக்குகிறவர் கண்ணுக்கு மட்டும் படுகிற இடத்தில் வைத்தார்கள். கடைக்காரர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பேர் தெரியாத ஆளை முன்னால் வைத்தால் பேர் தெரிந்த ஆளை எங்கே வைப்பது? ஆனால் காஞ்சனாவுக்கு அந்த நியாயமெல்லாம் ஏறவில்லை. கீழ்த்தட்டைப் பார்த்துவிட்டு வந்த அன்று அவளுக்கு வந்த கோபம் இன்னும் முழுசாகத் தணியவில்லை. பிறகு ஒயர் கட்டிக் கட்டி விரல் மரத்து வேலையை விட நேர்ந்தபோது, எல்லாரும் டிஃபன் கடை போடு, தையல் மெஷின் வாங்கு என்றார்கள். அவள் புத்தகக் கடை வைத்தாள். உலகத்தில் புத்தகம் விற்கக் கடை வைத்தவர்கள் உண்டு. ஒரே ஒரு புத்தகத்தைக் கண்ணுக்கு நேராக வைக்கக் கடை வைத்தவள் இவள் ஒருத்திதான் இருப்பாள்.

வைத்த இடம் நல்ல இடம். அந்தப் புத்தகம் போக ஆரம்பித்தது. பஸ்ஸில் தூங்குகிறவளைப் பற்றிய கதையைப் பஸ்ஸில் தூங்குகிறவர்கள் வாங்கினார்கள். படித்துவிட்டு வந்து அக்கா, பூங்காவனம் திரும்பி வந்தாளா என்று கேட்டார்கள். எனக்கும் தெரியாதும்மா என்பாள் காஞ்சனா. அது பொய்யில்லை.

அப்புறம் இன்னொன்று நடந்தது. யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை. ஹாஸ்டல் பெண்களுக்குக் காண்ட்ராக்ட் முடிந்தால் ஒரே பையோடு ஊருக்குக் கிளம்புவார்கள். வாங்கிய புத்தகங்களை என்ன செய்வது? கடையிலேயே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். அடுத்து வந்தவர்கள் எடுத்துப் படித்தார்கள். அவர்களும் போகும்போது வைத்தார்கள். புதுப் புத்தகத் தட்டுக்குப் பக்கத்தில் திரும்பி வந்த புத்தகத்துக்கு ஒரு தட்டு தானாக உண்டானது. அதில் எப்போது பார்த்தாலும் ஏரிக்கரையான் இருந்தார். முனை மடங்கி, நடுவில் பஸ்ஸின் தூசி படிந்து, சில பக்கங்களில் சாம்பார் வாசனையோடு.

காஞ்சனா சந்தோஷம் தாங்காமல் ஒருநாள் எல்லப்பனைக் கூட்டிவந்து காட்டினாள்.

"பாருய்யா. எல்லாம் உன் புக்குதான். எத்தினி திரும்பி வந்துகீது பாரு."

எல்லப்பன் ஒன்றை எடுத்தான். அட்டையைத் தடவினான். பக்கத்தைப் பிரித்துத் தையலைப் பார்த்தான். இன்னொன்றை எடுத்தான். எல்லாவற்றையும் அப்படியே பார்த்துவிட்டு, ம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். களைப்பாக இருப்பான் என்று அவள் நினைத்தாள்.

ரெண்டாம் பாகம் எழுதப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவன் அதற்கப்புறம் பேனாவைத் தொடவில்லை. கதை சொல்லவும் இல்லை. பூங்காவனத்தைப் பற்றிக் கேட்டால் வாயில் ஏதாவது போட்டு மென்றுகொண்டு வேறு பக்கம் பார்ப்பான். காஞ்சனா எல்லாக் காரணமும் நினைத்துப் பார்த்தாள். கம்பெனியில் ஓ.டி. அதிகம், மகள் மோகனப்ரியாவின் படிப்புக் கவலை, வயசாகிவிட்டது, தன்மேல் பிரியம் குறைந்துவிட்டது. கடைசிக் காரணம் நினைவுக்கு வந்த அன்றைக்கு மட்டும் ரசத்தில் உப்பு கூடியது. மகள் படித்து முடித்து வேலைக்கும் போய்விட்டாள். பூங்காவனம் தண்ணீருக்கடியில் விளக்குக் கம்பத்தின் கீழே அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

இவள் ஏன் இப்படித் தவிக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றலாம். அவளுக்குச் சில நாள் மத்தியானம், கடையில் ஆளில்லாத நேரத்தில், கண் சொக்கும். ஜெராக்ஸ் மெஷினின் உறுமல் பஸ் சத்தமாகக் கேட்கும். கைடுகள் ஜன்னல் கண்ணாடியாகி அந்தப் பக்கம் தண்ணீர் பச்சையாக ஆடும். தானும் அந்தத் தெருவில் இறங்கிவிட்டது போலவும், பஸ் போய்விட்டது போலவும், யாராவது மேலே வா என்று ஒரு வார்த்தை சொன்னால்தான் ஏற முடியும் என்பது போலவும் இருக்கும். அந்த வார்த்தை எல்லப்பனிடம் இருந்தது. அவன் தர மறுத்தான்.

இந்த வருஷம் ஆவணியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாலாஜாபாத்தில் அவளுடைய சொந்தத்தில் ஒரு கல்யாணம். கடையை மூட மனசில்லை. எல்லப்பனுக்கு அன்று லீவு.

"நீ கடையில குந்துய்யா. நான் மொய் வெச்சிட்டு வந்துடறேன்."

"எனக்கு வியாபாரம் தெரியாது."

"நீ ஒண்ணியும் தெரிஞ்சிக்க வேணாம். வர்றவங்களே எடுத்துப்பாங்க."

கல்யாணச் சாப்பாடு முடிந்ததும் அவள் கிளம்பிவிட்டாள். மாலை வெயில் இன்னும் ரோட்டில் கிடந்தது. ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கிக் கடையை நோக்கி வந்தவளுக்கு, உள்ளே எல்லப்பனின் குரல் கேட்டது. வாசலில் கைடு விளம்பரத் தட்டி ஒன்று ஆள் உயரத்துக்கு நிற்கும். அதன் பின்னால் வந்ததும் கால் நின்றது. எல்லப்பன் யாரையோ விசாரித்துக்கொண்டிருந்தான், அதுவும் கம்பெனிக் குரலில்.

"எந்தக் குறைக்காக ரிட்டர்ன் பண்றேம்மா?"

"குறையா? ஒரு குறையும் இல்லியே அண்ணாச்சி."

தட்டியின் இடுக்கு வழியே பார்த்தாள். இசக்கிசெல்வி. தெற்கே திருச்செந்தூர்ப் பக்கத்துப் பெண், ஹாஸ்டலில் இருப்பவள், வாரம் தவறாமல் வருகிறவள். காலடியில் பெரிய பை. ஊருக்குக் கிளம்பிவிட்டாள் என்று பார்த்ததுமே தெரிந்தது. கவுண்டரின் மேல் ஏரிக்கரையான்.

"குறை இல்லன்னா ஏன் திரும்பக் குடுக்கறே?"

"காண்ட்ராக்ட் முடிஞ்சிட்டு. ஊருக்குப் போறேன். இங்க உள்ளது இங்கயே இருக்கட்டும்னு வச்சிட்டுப் போறேன்."

"ஊருக்கு எடுத்துகினு போனா இன்னா?"

காஞ்சனாவுக்குத் தலையில் யாரோ தட்டியது போல் இருந்தது. எல்லப்பனின் மேசை எந்த மேசை என்று அவளுக்குத் தெரியாதா? வெளியே போன சரக்கு, வாங்கினவர்கள் வேண்டாமென்று திருப்பி அனுப்பினால், நேராக அவன் மேசைக்குத்தான் வரும். சிவப்புச் சீட்டு ஒட்டி, சிவப்புப் பெட்டியில் போட்டு, ஏன் வந்தது, அது ஏன், அதற்குக் காரணம் ஏன் என்று ஏன் ஏனாகக் கேட்டுக்கொண்டே போய் எங்கே தப்பு நடந்தது என்று கண்டுபிடிப்பதுதான் அவன் பிழைப்பு. அவன் அகராதியில் திரும்பி வந்த பொருள் என்றால் கழிக்கப்பட்ட பொருள். அந்த ஆளைக் கூட்டிவந்து, திரும்பி வந்ததையெல்லாம் வரிசையாக அடுக்கி, பார் பார் எத்தனை என்று இவள் பெருமையாகக் காட்டியிருக்கிறாள். அவனும் தையலைப் பார்த்திருக்கிறான். தையலில் குறையில்லை என்றால் குறை எழுத்தில்தான் என்று முடிவு கட்டியிருக்கிறான். அன்றைக்கே ஒரு வார்த்தை கேட்டுத் தொலைத்திருக்கலாமே பாவி மனுஷன். அதே கம்பெனியில் வேலை பார்த்த தனக்கும் இது உறைக்கவில்லையே என்று நினைத்ததும் அவளுக்கு அவன்மேல் வந்த கோபத்தில் பாதி தன்மேல் திரும்பியது.

உள்ளே எல்லப்பன் விடுவதாக இல்லை.

"சரி, அடுத்து வர்ற பொண்ணு ஏன் இதப் படிக்கணும்?"

இசக்கிசெல்வி புத்தகத்தின் மடங்கிய முனையை விரலால் நீவிவிட்டாள்.

"நான் வந்த புதுசுல பஸ்ல தூங்கி எந்திரிச்சா எங்க இருக்கேன்னே தெரியாது அண்ணாச்சி. வெளிய பாத்தா எல்லாம் ஒரே செவரு. அழுகையா வரும். ரூம்ல இருந்த ஒரு அக்கா இதக் கையில குடுத்தா. ஊருக்குப் போகும்போது கடையில வச்சிரணும்னு சொல்லித்தான் குடுத்தா. அவளுக்கு வேற ஒருத்தி குடுத்தது. இதப் படிச்ச பொறவு பஸ்ல தூங்குறதுக்கு எனக்குப் பயமில்ல. தூங்குனா அந்தத் தெருவுக்குப் போயிரலாம்லா."

"அப்போ இது ரிஜெக்‌ஷன் இல்ல?"

"ரிஜெக்‌ஷன்னா வெளிய வீசிருவோம். இவ்வளவு சாமானோட இதயும் சுமந்துகிட்டு வந்தா குடுப்போம்?"

எல்லப்பன் புத்தகத்தைக் கையில் எடுத்தான். இந்தமுறை தையலைப் பார்க்கவில்லை. முனை மடங்கிய பக்கங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். காஞ்சனாவுக்கு ஓடிப்போய் அவன் முதுகில் ஒரு அடி வைக்க வேண்டும் போலவும், அப்படியே உட்கார்ந்து அழ வேண்டும் போலவும் இருந்தது.

"ஆனா நீங்க கேட்டதால சொல்லுதேன். ஒரு குறை உண்டு. பூங்காவனம் திரும்பி வந்தாளா இல்லியான்னே சொல்லல. எழுதுன மனுசன் கையில கெடச்சாருன்னா நல்லா கேட்டுருவேன்."

"நான் சொல்றேன் கேளு."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எழுதினவரு எனக்குத் தெரிஞ்சவருதான்."

காஞ்சனா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இப்போது உள்ளே போனால் போச்சு. பஸ்ஸில் நடுவில் யாராவது வந்து உட்கார்ந்தாலே "நாளிக்கு" என்று வாயை மூடுகிறவன். தட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கல்யாணத்துக்குக் கட்டிய பட்டுப்புடவையோடு, எதிரே போகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கவலையில்லாமல் அங்கேயே நின்றாள்.

அவன் சொல்ல ஆரம்பித்தான். பழைய பின்சீட்டுக் குரல். அந்தக் குரல் இன்னும் அவனிடம் இருந்தது. அதைக் கேட்டதுமே அவளுக்குக் கண் தானாக மூடிக்கொண்டது.

பூங்காவனம் அந்தத் திறந்த வீட்டுக்குள் போனாள். சாப்பிட்டாள். தூங்கினாள். எழுப்ப ஆளில்லாமல் தூங்கினாள். விழித்தபோது எத்தனை நாள் ஆனதென்று தெரியவில்லை, கேட்டாலும் அங்கே யாருக்கும் நாள் கணக்குத் தெரியாது. வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் அவளைப் போலவே பஸ்ஸில் தூங்கி வந்தவர்கள். மீன்கள் விளக்கைச் சுற்றின. தண்ணீர் மேலே வானமாக ஆடியது. அவளுக்குத் தன் வரிசை நம்பர் மறந்தது, சூப்பர்வைசர் முகம் மறந்தது, கை வலி மறந்தது. சுகமாகத்தான் இருந்தது.

ஆனால் ஒரு சத்தம் மட்டும் விடவில்லை. மேலே, கரையின் மேல், தினமும் அவளுடைய பஸ் போகிற சத்தம். ஒருநாள் அந்தத் தெருவின் கடைசிக்குப் போய், கழுத்தை நிமிர்த்தி, தண்ணீர் வழியாகப் பஸ்ஸின் ஜன்னலைப் பார்த்தாள். அவளுடைய சீட் காலியாக இருந்தது. நிற்கிறவர்கள் பலர் இருந்தும் யாரும் அதில் உட்காரவில்லை. சீட்டின் மேல் யாரோ ஒரு பையை வைத்து இடம் பிடித்திருந்தார்கள். மறுநாள் பார்த்தாள், வேறொருத்தியின் பை. அதற்கு மறுநாள் இன்னொருத்தியின் பை. இடம் கேட்டவர்களிடம் அவர்கள், ஆள் வருது, ஆள் வருது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பூங்காவனம் படியில்லாத கரையில் ஏறினாள். அந்தத் தெருவில் யாரும் தடுக்கவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஈரப்புடவையோடு ரோட்டோரம் நின்றாள். பஸ் வந்தது. கதவு திறந்தது. டிரைவர் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பார்த்துவிட்டு அவளிடம் சொன்னார்...

அந்த நேரம் பார்த்து, சர்வீஸ் ரோட்டில் திரும்ப இடமில்லாத ஒரு கண்டெய்னர் லாரிக்காரன் ஹாரனில் கையை வைத்தான். வைத்த கையை எடுக்கவே இல்லை. கைடுத் தட்டி அதிர்ந்தது. உள்ளே எல்லப்பனின் உதடு அசைவது தெரிந்தது. இசக்கிசெல்வி துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொள்வது தெரிந்தது. அவள் கண்ணில் தண்ணீர் நிற்பதும், அதோடு சேர்ந்து சிரிப்பு வருவதும் தெரிந்தது. ஹாரன் நின்றபோது கதையும் முடிந்திருந்தது.

காஞ்சனாவுக்கு வந்த ஆத்திரத்தில் லாரிக்காரன் கையில் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ. இத்தனை வருஷம் காத்திருந்தவளுக்கு ஒரு வரி கிடைக்கவில்லை. நேற்று வந்த பெண்ணுக்கு முழுசாகக் கிடைத்துவிட்டது.

இசக்கிசெல்வி பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். தட்டியின் பின்னால் பட்டுப்புடவையோடு நிற்கிறவளைப் பார்த்துத் திகைத்தாள்.

"அக்கா, இங்க என்ன செய்தீய? ஒங்கள்ட்ட சொல்லாமப் போறோமேன்னு நெனச்சேன்."

"டிரைவர் இன்னாம்மா சொன்னாரு? அத மட்டும் சொல்லிட்டுப் போ."

அவள் கடைக்குள் திரும்பிப் பார்த்தாள். மறுபடி சிரித்தாள்.

"அண்ணாச்சிட்டயே கேளுங்க. அவருக்கு எழுதுனவரத் தெரியுமாம்லா. வாரேன் அக்கா."

ஷேர் ஆட்டோ ஒன்று நின்று அவளை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. காஞ்சனா உள்ளே நுழைந்தாள். எல்லப்பன் அவள் புடவையின் அடிப்பக்கம் முழுக்க ரோட்டுப் புழுதி ஏறியிருப்பதைப் பார்த்து, எவ்வளவு நேரமாக அங்கே நிற்கிறாள் என்று புரிந்துகொண்டான்.

"ரிட்டர்னாய்யா? இத்தினி வருசமா ரிட்டர்ன்னா நெனச்சிகினு இருந்தே?"

"நீதான் திரும்பி வந்துகீதுன்னு காமிச்சே."

"வாயத் திறந்து ஒரு வார்த்த கேட்டியா? என் மேல பிரியம் போயிடுச்சோன்னு நான் எத்தினி நாள் அழுதேன் தெரியுமா?"

எல்லப்பனுக்கு முகம் சுருங்கிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கு அசிங்கமா இருந்துச்சு காஞ்சனா" என்றான். காஞ்சனா மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"சரி, டிரைவர் இன்னா சொன்னாரு?"

எல்லப்பன் அவளைப் பார்த்தான். தண்டலத்தில் இறக்கிவிடும்போது பார்க்கிற அந்தப் பார்வை.

"எழுதறேன். புக்கு வந்ததும் படிச்சிக்கோ."

"இன்னாய்யா இது அநியாயம். எவளுக்கோ சொல்லுவே, எனக்குச் சொல்ல மாட்டியா?"

"அந்தப் பொண்ணு ஊருக்குப் போறா, அதான் சொன்னேன். நீ எங்கியும் போவலயே."

அவள் அவனை முறைத்தாள். முறைத்தபடியே, விற்பனைக்கு வைத்திருந்த லாங் சைஸ் நோட்டு ஒன்றை உருவி, ரெனால்ட்ஸ் பேனா ஒன்றை அதன்மேல் வைத்து, கவுண்டரில் அவன் முன்னால் டொப்பென்று போட்டாள். அவன் உட்கார்ந்தான். பேனாவின் மூடியைக் கழற்றினான். பிறகு அப்படியே நிமிர்ந்தான்.

"காஞ்சனா, எங்க நிறுத்தினேன்?"

"வெளக்குக் கம்பத்துக் கீழ நிக்கிறா. பஸ்ஸு போயிடுச்சு. பையி இடது கையில. செருப்புல ஒண்ணு அறுந்துகீது."

யோசிக்காமல் சொன்னாள். அவன் கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுத ஆரம்பித்தான்.

சாயங்கால ஷிஃப்டுக்குப் பஸ் பிடிக்க வந்த பெண்கள் கடைக்குள் புகுந்தார்கள். ஒருத்திக்கு ஜெராக்ஸ் வேண்டும், ஒருத்திக்குப் படிக்க ஏதாவது வேண்டும், கவுண்டரை மறைத்துக்கொண்டு ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார்.

"பூங்காவனம் அக்கா, யாரு இவரு? நகரச் சொல்லுங்களேன்."

சத்தியம் வாங்கியவனைக் காஞ்சனா ஒருமுறை பார்த்தாள். அப்புறம் கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, பஸ் பாயிண்டில் நிற்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"எங்க வூட்டுக்காரரு. அவர்தான் ஏரிக்கரையான். ரெண்டாம் பாகம் எழுதிகினு கீறாரு, சத்தம் போடாம நில்லுங்க."

எல்லப்பனின் காது சிவந்துவிட்டது. கூச்சத்தில் தலையை நோட்டுக்குள் புதைத்துக்கொண்டான். ஆனால் பேனாவைக் கீழே வைக்கவில்லை.